அருளும் வாயிலும்

ஆற்றுக்கு அணை கோலலாம். அருளுக்கு அணை கோலுதல் யாவர்க்கு இயலும்? சேக்கிழார் பெருமான் இவ்வுண்மையை அடியார் வரலாறுகளில் வைத்துக் காட்டுகின்றார்.

காடவர்கோன் காஞ்சியிலே பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாளுங் குறித்தான். இறைவனோ அவன் கனவில் தோன்றி, அந்நாளில் திருநின்றவூர்ப் பூசலார் எடுத்த கோயிலிற் புகவிருத்தலின் வேறு நாள் கொள்ளுமாறு பணித்தார். அரசன் தேடிச் சென்றான். கற்கோயில் எதுவும் ஆங்கில்லை. அது பூசலாரின் நெஞ்சில் எழுந்த கோயில். காளத்தியிலே சிவகோசரியார் தூய்மை கருதி நாடோறும் அகற்றிய ஊனையே இறைவன் கண்ணப்பரின் அன்பாகக் கொண்டார். மன்னனும் மறையவரும் தீயோரல்லர், பத்தியுடையோரே. பத்தியுடையோரும் அருளின் வழியை வரையறுக்கப் புகின் தோற்பர் என்பதே ஈண்டு நாம் கொள்ளும் பொருள்.

எனினும், நந்தனார் வரலாறு நம்மைத் தயங்க வைக்கின்றது. திருப்புன்கூரில் நந்தி விலகியபொழுதே அருள் வெளிப்பட்டுவிட்டது. பின்னர்த் தில்லையில் தீ எற்றுக்கு? 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் வேதியராகிய பண்ணையார் ஒருவரைப் படைத்து, இடர்களுட் பெரும்பகுதியை அவர்மேல் ஏற்றினார். சேக்கிழாரிடம் அப்பண்ணையார் இல்லை. இறைவனே தீயிற் புகப் பணிக்கின்றார். அருள் பெறுதற்குத் தீ வேண்டப்படவில்லை. வாயில் காத்த உலகினர் பொருட்டே அது வேண்டப்பட்டது என்பது எம் துணிபு. திருவாரூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டதும் இத்தகையதே. இரண்டிடத்தும் அருள் சென்றடைந்தது. பழைய வாயிலோ இருந்தவாறே இருந்தது. காலத்தின் குறை காப்பியத்திலும் படிந்தது என்றல் தவறாகாது.

அக்குறை நம் காலத்தும் நீங்கிற்றில்லை. இலங்கையிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், வழிபட வந்த ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தோரும் பெரியபுராணம் அறியாதோரல்லர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குருபூசை கொண்டாடும் நாமும் இதனை நினைத்தல் வேண்டும்.

வாயிலை அடைப்போர் அடியாரைப் புறத்தே நிறுத்தவல்லர். அருளை அகத்தே நிறுத்த வல்லரல்லர். அவர் காப்பது வாயிலை மாத்திரமே.