கற்பனை அட்டைகள்

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் டிவியில் பூத்தூவுவார்கள். அதற்கப்புறமும் பல நாள் அப்பா லஸ்கரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். “விட்டாச்சுங்க” என்பார் அவர். “வரலையே” என்பார் அப்பா. ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

மெலிண்டா வேரியனின் ‘விஎம் அண்ட் தி விஎம் கம்யூனிட்டி’ கட்டுரையை இரண்டாம் முறை படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களில் ஓடிய விஎம் என்ற இயங்குதளத்தின் வரலாறு அது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதோடு வேலை பார்த்தவர் வேரியன். கூட உழைத்தவர்களைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதுகிறார். மூல நிரலை இனித் தரமாட்டோம் என்று 1983இல் ஐபிஎம் அறிவித்ததைச் சொல்லும் இடத்தில் அந்த வலி நமக்கும் தொற்றுகிறது. மென்பொருள் வரலாற்றில் இப்படி எழுதுபவர்கள் அபூர்வம்.

விஎம் செய்தது இதுதான்: ஒரே பெரிய கணினியைப் பல கற்பனைக் கணினிகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ‘இது முழுக்க உன்னுடையது’ என்று நம்பவைத்தது. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 1960களில் சிபி-40, பிறகு சிபி-67, 1972இல் விஎம்/370. இதைப் பொதுவாகச் சுவரின் வெற்றியாகத்தான் சொல்வார்கள். எனக்கோ சுவர் எழும்பியபின் நடந்ததுதான் சுவாரசியம். பக்கத்து வீட்டுக்காரனிடம் எப்படிப் பேசுவது?

முதல் வழி வேடிக்கையானது. ஒவ்வொரு கற்பனைக் கணினிக்கும் அட்டையில் துளையிடும் ஒரு கற்பனைக் கருவி, அட்டையைப் படிக்கும் ஒரு கற்பனைக் கருவி. நான் துளையிட்டதை, நடுவிலிருக்கும் கட்டுப்பாட்டு நிரல் உங்கள் வாசிப்பானில் கொண்டுபோய் வைக்கும். ஒரு காகிதமும் அசையாது. எட்சன் ஹென்ட்ரிக்ஸின் ஆர்எஸ்சிஎஸ் இதையே ஊர்விட்டு ஊர் கடத்தியது. 1981இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கும் யேலுக்கும் இடையே தொடங்கிய பிட்நெட்டில் மின்னஞ்சல்கூட 80 பத்தி அட்டைகளாகத்தான் போனது.

நிரலும் நிரலும் நேரடியாகப் பேச விஎம்சிஎஃப் வந்தது, அடுத்து ஐயுசிவி. ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொட முடியாது; கட்டுப்பாட்டு நிரல்தான் பிரதியெடுத்துக் கொடுக்கும். ஐயுசிவியில் ஒருவர் இணைப்பு கேட்க வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு. இருவரில் யார் வேண்டுமானாலும் துண்டிக்கலாம். இன்று நான் எழுதும் நிரல்களிலும் கிட்டத்தட்ட இதே நாகரிகம்தான்.

வேரியன் எழுதியது மனிதர்களின் வரலாறு, இந்த வழித்தடங்களின் வரலாறு அல்ல. அது அவருடைய தேர்வு, சரி. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நல்ல மனசு இருந்தால் சமூகம் உருவாகிவிடும் என்ற எண்ணத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். மனசு மட்டும் போதாதே, அட்டை போய்ச்சேர வழி வேண்டாமா?

சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370/155 வந்தது. விஎம்/370க்குத் தேவையான மெய்நிகர் நினைவக வன்பொருள் இல்லாமல் அறிமுகமான மாடல் அது. அங்கே கற்பனை அட்டைகள் பறந்துகொண்டிருக்க, இங்கே மாணவர்கள் நிஜ அட்டைக்கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டே போனது. அந்த அழகான சமூகத்தின் கதையில் நாம் கடைமடைகூட இல்லை, வாய்க்காலே வராத ஊர்.

போன மாதம் அலுவலகத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒரு சர்வீஸின் லாக் ‘அனுப்பியாச்சு’ என்றது, அடுத்தது ‘வரவில்லை’ என்றது. ரெண்டுமே பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு வரிசை நிரம்பிக் கிடந்தது. அணையைக் கட்டியவர்களின் கதையை வேரியன் அன்போடு எழுதிவிட்டார், அவசியம் படியுங்கள். வாய்க்காலின் கதையை இனி கடைமடைக்காரன் யாராவதுதான் எழுத வேண்டும்.