அசையாத ஷட்ஜம்: பட் ஐசக்ஸின் கால் பற்றி

கன்ட்ரி இசை என்றால் எம்மவருள் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. அமெரிக்கத் தென்மாநில வெள்ளையரின் தன்னிரக்கம், மதுச்சாலைக் கண்ணீர், பின்னணியில் மூக்குச் சிந்தும் ஒரு கிற்றார். முதலிரண்டுக்காகவும் நான் சண்டைக்கு வரப்போவதில்லை. கிற்றாருக்காக வருவேன். அந்த 'அழுகை' வெறும் உணர்ச்சிப் பெருக்கு அல்ல. காலை எந்தக் கணத்தில் அழுத்துவது என்று, 1953 நவம்பரில் நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் ஒரு கலைஞர் எடுத்த முடிவு அது.

அவர் பட் ஐசக்ஸ். பாடல், வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி'. 1954இல் கன்ட்ரிப் பட்டியலில் 17 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பாட்டு சாதாரணமான காதற்பாட்டுத்தான். அதன் தொடக்கத்தில் வரும் சில விநாடிகள் சாதாரணமானவையல்ல.

ஸ்டீல் கிற்றாரைக் கிடையாக வைத்து, கம்பிகளின் மேல் ஓர் உருக்குத் தண்டை வழுக்கி வாசிப்பார்கள். கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நேரான தண்டு எல்லாக் கம்பிகளையும் ஒரே அளவாகவே நகர்த்தும். சுருதிகூட்டலில் உள்ள இசைவு அப்படியே மேலே போகலாம், கீழே வரலாம். அதன் உள்ளுறவு மாறாது. இதைச் சமாளிக்க ஒரே பலகையில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளைப் பூட்டி, ஒவ்வொன்றையும் வேறுவேறாகச் சுருதி கூட்டினார்கள். பெடலும் இந்தத் தேவைக்காகவே வந்தது. மிதித்தால் குறித்த கம்பி இறுகிச் சுருதி மாறும். கிப்சன் நிறுவனத்தின் எலெக்ட்ராஹார்ப்பை அல்வினோ றே 1940களின் தொடக்கத்திலேயே வாசித்தார். கலிபோர்னியாவில் மோட்டார்சைக்கிள் வேலையிலிருந்து கிற்றார் செய்ய வந்த பால் பிக்ஸ்பி, 1948இல் ஸ்பீடி வெஸ்ட்டுக்குப் பெடல் வைத்த கருவி செய்து கொடுத்தார். ஐசக்ஸின் கருவியும் பிக்ஸ்பி செய்ததே. ஆக, கருவி புதிதல்ல.

அதுவரை பெடலைப் பெரும்பாலும் ஒலி அடங்கிய இடைவெளியில்தான் மிதித்தார்கள். கூத்தில் திரைக்குப் பின்னால் உடுப்பு மாற்றுவதைப் போல. ஐசக்ஸ் திரைக்கு முன்னால் மாற்றினார். கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார்.

என்ன நடந்தது என்பதை எமது ஸ்வரங்களில் சொல்வது சுலபம். தண்டு இருக்கும் இடத்தில் ச-க-ப என்ற இசைவு ஒலிக்கிறது (காந்தாரம் அந்தரம்). பெடல் இறங்கும்போது காந்தாரம் அரைப்படி ஏறிச் சுத்த மத்திமமாகிறது; பஞ்சமம் ஒரு முழுப்படி ஏறிச் சதுஸ்ருதி தைவதமாகிறது. ஷட்ஜம் அசையவில்லை. ஒன்று நிற்க, இரண்டு வெவ்வேறு தூரம் நடந்து புதிய இசைவில் கூடுகின்றன. தண்டால் இதைச் செய்ய முடியாது. கோட்டுவாத்தியத்தில் சுருதிக் கம்பி தனியே நிற்க, மெட்டு அதன் எதிரே அசைகிறது. ஐசக்ஸ் நிற்பதையும் அசைவதையும் ஒரே இசைவுக்குள் கொண்டுவந்துவிட்டார். 'அழுகை' என்று நாம் கேட்பது இந்த உரசலையே. அசையாத அந்த ஒரு ஸ்வரம் இல்லாவிட்டால் அது வெறும் வழுக்கல்.

அவரைக் கொண்டாடுவோர் 'முதன்முதலில்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். முதலில் யார் என்பது காப்புரிமை வழக்கறிஞரின் கேள்வி. ஐசக்ஸிடம் குறையும் இருந்தது. ஒரு மிதியில் இரு மாற்றங்களும் சேர்ந்தே வருவதால், அந்தச் சைகை விரைவிலேயே பழகிவிடுகிறது. பட்டி எமன்ஸும் ஜிம்மி டேயும் அந்த மிதியை இரண்டு பெடல்களாகப் பிரித்தபோதுதான், காந்தாரத்தைத் தனியாகவும் பஞ்சமத்தைத் தனியாகவும் நகர்த்த முடிந்தது. நாஷ்வில் அதையும் பின்னர் கல்யாண வீட்டுப் பன்னீராய்த் தெளித்துத் தீர்த்தது வேறு கதை.

இழப்பும் இருந்தது. இந்த வாசிப்பு ஹவாயில் பிறந்தது. ஜோசப் கெக்குகு என்ற ஹவாய்க்காரரின் பெயரோடு அது பிணைந்திருக்கிறது. 1893இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்டு, 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. இசைக்கலைஞர்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பரப்பிய கருவி 'ஹவாயன் கிற்றார்' என்றே அறியப்பட்டது. பின்னர் பெயரிலிருந்து ஹவாய் உதிர்ந்து, உருக்கு மட்டும் மிஞ்சியது.

ஒஹாயோவில் பிறந்த ஜெரி பேர்ட் நாஷ்விலின் முன்னணி வாசிப்பாளராக இருந்தவர். 'ஸ்லோலி'க்குப் பிறகு எல்லோரும் பெடல் தேடி ஓட, அவர் கடைசிவரை பெடலை ஏற்கவில்லை. அவருடைய இசையில் எல்லாமே தண்டு பிடித்த கையின் சாய்விலும் நடுக்கத்திலும் இருக்கிறது. ஐசக்ஸை இவ்வளவு புகழ்ந்துவிட்டும், பேர்ட்டைக் கேட்கும்போது எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. 1970களின் தொடக்கத்தில் அவர் நாஷ்விலை விட்டு ஹொனலூலுவுக்குக் குடிபெயர்ந்தார். ஹவாய் இளைஞர்களுக்கு, அவர்களுடைய கருவியையே, பெடல் இல்லாமல் கற்றுக்கொடுத்தார்.