முன்னால் ஏறுவதற்கு ஒரு விலை

மயாமியிலோ கால்வெஸ்டனிலோ கரீபியன் பயணத்துக்குக் கப்பல் ஏறப்போகிறவரிடம், டிக்கெட் வாங்கிய கையோடு நிறுவனம் இன்னொன்றையும் விற்கப் பார்க்கும்: வரிசையில் முந்தும் உரிமை. கார்னிவலில் அதற்கு 'ஃபாஸ்டர் டு தி ஃபன்' என்று பெயர். ராயல் கரீபியனில் 'தி கீ'. கார்னிவல் தன் சலுகையை அளவோடுதான் விற்கிறது, அதனால் பல பயணங்களில் அது முன்கூட்டியே தீர்ந்தும் போகிறது. சீக்கிரம் தீர்ந்துபோவது மட்டும் ஒரு பொருளின் தகுதிக்குச் சாட்சியாகிவிடாது. முந்துவதால் கைக்கு வருவது என்ன என்று பார்க்க, கப்பல் கரையைத் தொடும் அந்த ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கப்பல் விடியலில் வந்து சேரும். முந்தைய பயணத்தார் பெட்டிகளோடு இறங்கி, சுங்கமும் குடிவரவும் கடந்து வெளியேறக் காலை ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். கடைசி ஆள் இறங்கி எண்ணிக்கை சரியாகும் வரை புதியவர் ஒருவரும் ஏற முடியாது. ஐகான் ஆஃப் த சீஸ் நிறைந்து வந்தால் இறங்க வேண்டியவர்கள் 7,600 பேர் வரை இருப்பார்கள். அவர்களில் சிலர் தாமதித்தாலே மொத்த ஏற்றமும் தள்ளிப்போகும். ஆக, ஏற்றம் தொடங்கும் நேரம் கப்பல் காலியாவதைப் பொறுத்தது; முனையத்தில் நிற்கும் வரிசைக்கு அதில் பங்கில்லை. காசு கொடுத்தவரும் கதவு திறக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பாஸ்போர்ட்டும் விசாவும் சரிபார்க்கும் வேலையையும் இந்தச் சலுகை சுருக்கித் தராது.

கதவு திறந்தபின், அடிக்கடி பயணித்து உயர்நிலை பெற்ற உறுப்பினர்கள், சூட் அறை எடுத்தவர்கள், பணம் கட்டி முந்தியவர்கள் என ஏறுவார்கள். அடுத்து, வருகை நேரம் பதிவு செய்த வரிசைப்படி மற்றவர்கள். இங்கேதான் சலுகையின் முதல் ஓட்டை. செக்-இன் திறக்கும் நாளிலேயே உட்கார்ந்து காலையின் முதல் நேரத்தைப் பிடித்தவர், ஒரு காசும் கொடுக்காமல் பணம் கொடுத்தவரின் பின்னாலேயே ஏறிவிடுகிறார். இடைவெளி பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி. அதே விலையை, மதியம் வரச் சொல்லி நேரம் கிடைத்தவர் கொடுத்தால் லாபம் கூடுதல். எனவே வாங்குவதா என்ற முடிவை, வருகை நேரம் கைக்கு வரும்வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. விற்றுத் தீர்ந்துவிடுமோ என்ற பதற்றம்தான் பலரை அதற்கு முன்பே வாங்க வைக்கிறது.

விமானத்தில் முன்னால் ஏற ஒரு காரணம் உண்டு: தலைக்கு மேலுள்ள பெட்டி அறையில் இடம் குறைவு, பிந்தினால் பை வேறெங்காவது போகும். கப்பலில் அந்தக் குறைவே இல்லை. கேபின் நம் பெயரில் பூட்டியிருக்கிறது, சாப்பாடு நாள் முழுக்க உண்டு. சிறப்பு உணவகத்துக்கும் ஸ்பாவுக்கும் இடம் பிடிக்க ஏறியதும் ஓடிய காலமும் போய்விட்டது; அவற்றைப் பல வாரம் முன்பே செயலியில் பதியலாம். விமானத்திலிருந்து பழகிய பரபரப்பையே இங்கேயும் விலை பேசுகிறார்கள் என்பது என் கருத்து.

ஃபிரெட் ஹிர்ஷ் என்ற பொருளியலாளர் 1976இல் எழுதிய நூலில், பிறரிடம் இல்லாதவரைதான் மதிப்புள்ள பொருட்களைப் பற்றி விரிவாகப் பேசினார். வரிசையில் முதலிடம் அதற்குச் சரியான உதாரணம். அடிக்கடி பயணிப்போர் நிறையச் சேரும் நீண்ட பயணங்களில், உறுப்பினர் தகுதியால் மட்டுமே பெருங்கூட்டம் முன்னுரிமை வரிசைக்குள் வந்துவிடும். அங்கே காசு கொடுத்தவர் வாங்குவது அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஓரிடம்.

கணக்காகவும் பார்ப்போம். நால்வர் குடும்பத்துக்கு ஏழு நாள் பயணம் 4,000 டாலர் என்று கொள்வோம். ஒரு நாளில் விழித்திருக்கும் நேரம் 16 மணி என்றால் மொத்தம் 112 மணி. குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் ஏறத்தாழ 36 டாலர். சலுகையின் விலை 100 டாலராக இருந்தால், அது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவாவது மிச்சப்படுத்தித் தர வேண்டும். ஏறும் வரிசை மட்டும் அதைத் தராது.

ஏறியபின் கிடைப்பதைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. மற்றவர்களுக்குக் கேபின் மதியம் ஒன்றரை வாக்கில்தான் திறக்கும். அதுவரை கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஃபே கூட்டத்துக்குள் தட்டோடு அலைய வேண்டும். 'ஃபாஸ்டர் டு தி ஃபன்' வாங்கியவர் ஏறியதும் அறைக்குள் போய்விடலாம். இது கேபினுக்கு ஒரே விலை. உள்ளே இருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் அவ்வளவுதான். தூங்க வேண்டிய கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை எனக்குப் புரிகிறது. தம்பதி மட்டும் போனால் அதே இரண்டு மணி நேரத்தை மேல்தளத்து நிழலில் கழிக்கலாம், அறை தேவைப்படாது.

சலுகையின் நிஜ எடை, நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் டெண்டர் படகில் இருக்கிறது. பெலிஸ் சிட்டியில் பவளப்பாறையும் ஆழமின்மையும் காரணமாகப் பெரிய கப்பல்கள் பொதுவாகக் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிடும். கிராண்ட் கேமனில் பயணக் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும் துறையே இல்லை. 2025 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பிலும் கேமன் வாக்காளர்களில் பெரும்பான்மையோர் அப்படியொரு துறை வேண்டாம் என்றே சொன்னார்கள். இங்கெல்லாம் சிறு படகுக்காகக் காத்திருந்துதான் கரைக்குப் போக வேண்டும்; சலுகை வாங்கியவர் அந்த வரிசையிலும் முந்தலாம். ஆனால் கப்பல் நிறுவனத்திடமே கரைச்சுற்றுலா வாங்கியவர்களை முன்னதாகவே அழைத்துப் படகில் ஏற்றிவிடுவது வழக்கம். அவர்களுக்குச் சலுகை வீண். கரையில் உள்ளூர் வழிகாட்டியிடம் நேரடியாகப் பேசி, காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருப்பவருக்குத்தான் முதல் படகு உயிரானது. நிறுவனத்தின் சுற்றுலாவுக்கும் உள்ளூர்ச் சுற்றுலாவுக்கும் உள்ள விலை வித்தியாசமே பல சமயம் சலுகையின் விலையை ஈடுகட்டிவிடும்.

இறங்கும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தன் பெட்டியைத் தானே தூக்கி நடக்க முடிந்தவர் எந்தக் கட்டணமும் இல்லாமல் முதலில் இறங்கலாம்.

'தி கீ' வேறு ரகம். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று விலை. ஒருவர் வாங்கினால் அந்தக் கேபினில் ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும் வாங்கியாக வேண்டும். இணைய வசதி, முதல் நாள் மதிய விருந்து, காட்சிகளுக்கு ஒதுக்கிய இருக்கை எல்லாம் அதில் அடக்கம். இணையத்தை எப்படியும் ஒவ்வொருவரும் தனியாக வாங்கியிருப்பார்கள் என்றால் மட்டும் அதன் விலையை இதிலிருந்து கழித்துப் பார்க்கலாம். இரண்டு பள்ளிப் பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இது தண்டச் செலவு என்றே சொல்வேன்.

ஆக என் தீர்ப்பு: ஏறும் வரிசைக்காக வாங்க வேண்டாம். பயணத் திட்டத்தில் கோசுமெல், நாசோ மாதிரிக் கப்பல் நேராகக் கரையோடு ஒட்டும் துறைமுகங்கள் மட்டுமே இருந்து, உடன் கைக்குழந்தையும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். டெண்டர் துறைமுகம் ஒன்றாவது இருந்து, அங்கே சொந்த ஏற்பாட்டில் சுற்றுவதாக இருந்தால், கேபினுக்கு ஒரே விலையில் வருவதை வாங்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், அவர்களால் வெகுநேரம் நிற்க முடியாதே என்ற கவலையில்தான் பெரும்பாலும் இதை வாங்குகிறார்கள். அந்தக் கவலைக்கு இந்தச் செலவே தேவையில்லை. பதிவு செய்யும்போதே முனையத்தில் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று சொல்லி வைத்தால், வாசலிலிருந்து கப்பல்வரை பணியாளர் ஒருவரே அவர்களைத் தள்ளிக்கொண்டு போவார். அதற்குக் கட்டணம் கிடையாது.