பன்றிச் சினைமுட்டையும் வைட்டமின் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருந்திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளை, வைட்டமின் சி, ஈ போன்றவற்றைப் போலவே, பன்றியின் சினைமுட்டை வளரும் கரைசலில் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். உடனே பன்றித் தொட்டியில் திராட்சைச் சாற்றை ஊற்றிவிட வேண்டாம்! இது கண்ணாடித் தட்டில் நடக்கும் வேலை.

இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் சூலகங்களில் உள்ள முதிராத முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்து, சுமார் 39 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். பசுவின் முட்டை ஒரு நாளில் முதிர்ந்துவிடும்; பன்றிக்கு ஏறக்குறைய 44 மணி நேரம் வேண்டும். உடலுக்குள் ஆக்சிஜன் குறைவு; வெளிக்காற்றிலோ 20 விழுக்காட்டுக்கும் மேல். பன்றி முட்டை கொழுப்புத் துளிகள் நிறைந்தது. நாள்பட்ட எண்ணெய் சிக்கடிப்பதுபோல் அந்தக் கொழுப்பும் கெடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ அதைத் தடுக்கிறது. தடுத்துத் தளர்ந்த ஈ-யை வைட்டமின் சி மீட்கிறது. இதுவரை குறை சொல்ல இடமில்லை.

குறை, பலனை அளக்கும் இடத்தில்தான். முட்டை ஒரு சிறு துருவ உறுப்பை வெளித்தள்ளினால் 'முதிர்ந்தது' என்று எண்ணுகிறார்கள். அது உட்கரு முதிர்ந்ததற்கு மட்டுமே அடையாளம். முட்டையின் மற்றப் பகுதி பக்குவப்படாவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட விந்தணுக்கள் நுழைந்து கருவைக் கெடுத்துவிடும். பன்றியில் இது தீராத தலைவலி. பல ஆய்வுகள் ஆறேழு நாள் கருவோடு நின்றுவிடுகின்றன. சிலவற்றில் விந்தணுவே கிடையாது. மின்னதிர்ச்சியால் முட்டையைத் தூண்டுகிறார்கள். ஈன்ற குட்டிகளின் கணக்கைக் காண்பது அரிது.

இன்னொன்று. வெதுவெதுப்பான கரைசலில் வைட்டமின் சி விரைவில் சிதையும். முதல் நாள் இட்டது இரண்டாம் நாள் எவ்வளவு எஞ்சியது? பல கரைசல்களில் பன்றியின் சூல்பை நீரையும் கலக்கிறார்கள். அதிலேயே வைட்டமின்கள் உண்டு. அளவு பன்றிக்குப் பன்றி மாறும். அப்படியிருக்க, பலனுக்கு எது காரணம் என்று எப்படிச் சொல்வது? அளவு மீறினால் வைட்டமின் சி-யே தீங்கு செய்யும் என்பதும் உண்டு.

2022-இல் மலைக்கு அப்பால் கேரளத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது பன்றிகளைக் கூட்டமாகக் கொன்று புதைக்க நேர்ந்தது. நோய் வருமுன் நல்ல இனங்களின் கருவைச் சேமிக்க இம்முறை கைகொடுக்கக்கூடும். தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிலும் மாணவர் இத்தகைய கட்டுரையைப் படித்தால் முதலில் தேட வேண்டியது வைட்டமினின் பெயரை அன்று; எத்தனை முட்டைகளில் தொடங்கி எத்தனை குட்டிகளில் முடித்தார்கள் என்பதை.