யோகாசனத்தை அளந்து பார்ப்போம்

படப்பையிலிருந்து ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு முறையில் சென்று வருவோர் ஏராளம். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்பவருக்கு இடுப்பு வலி வருவதில் வியப்பில்லை. மருந்தின்றி வலியைத் தீர்க்க வழி தேடும் இவர்களில் பலர் யோகாசன நூல்களை நாடுகின்றனர். இத்தகைய நூல்கள் பலவற்றில் நல்ல பயிற்சியும் பிழையான விளக்கமும் கலந்தே உள்ளன. இரண்டையும் பிரித்தறிவது வாசகரின் பொறுப்பாகிவிடுகிறது.

பிராணாயாமம் இரத்தத்தில் ஆக்சிஜனைப் பெருக்குகிறது என்பது அடிக்கடி காணப்படும் விளக்கம். நலமாக உள்ள ஒருவர் சாதாரணமாக மூச்சுவிடும்போதே, அவருடைய தமனி இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஏறக்குறைய 97 சதவிகிதம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கும். நிரம்பிய குடத்தில் மேலும் எவ்வளவு நீரை ஊற்ற முடியும்? மாறாக, வேகவேகமாக மூச்சுவிட்டால் கார்பன்-டை-ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறும், மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும்.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டியும் அவர் குழுவினரும் 23 பேரை ஆராய்ந்தனர். யோக மந்திரத்தையோ ஜெபமாலையையோ சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 தடவையாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையடைந்தது. பயன் தந்தது மூச்சின் நிதானமே.

அடுத்து, சிரசாசனம். கண்பார்வைக்கு நல்லது என்று இதனைச் சிபாரிசு செய்வோர் உண்டு. இங்கே பள்ளியில் படித்த திரவ அழுத்த விதியை நினைவுகூருங்கள். இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே 30 செ.மீ. என்று கொள்வோம். அந்த உயரமுள்ள இரத்தத் தம்பத்தின் அழுத்தம் சுமார் 23 மி.மீ. பாதரசம். நிற்கும்போது கண்ணில் இந்த அளவு குறையும். தலைகீழானால் இதே அளவு கூடும். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியுள்ள 75 பேரைச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். சிரசாசனத்தின்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகியது. நலமுள்ள கண் இதைத் தாங்கக்கூடும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு இது ஆபத்து.

இனி இடுப்பு வலி. காக்ரேன் அமைப்பு 2017இல் 12 ஆய்வுகளை, மொத்தம் 1,080 பேரின் விவரங்களைத் தொகுத்து மதிப்பிட்டது. உடற்பயிற்சி ஏதும் செய்யாதவர்களைவிட யோகம் பயின்றவர்களால் அன்றாட வேலைகளை ஓரளவு எளிதாகச் செய்ய முடிந்தது. வலி சிறிதே குறைந்தது. முதுகுக்கான பிற பயிற்சிகளைவிட யோகம் மேலானது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சிலருக்கு வலி கூடியதும் உண்டு.

பலன் மெய், ஆனால் அளவானது. சர்வரோக நிவாரணி என்று எழுதுவோர் இந்த அளவைச் சொல்வதில்லை. அதனை நம்பி நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உண்ணும் மாத்திரையை நிறுத்துபவர்தாம் அதன் விலையைக் கொடுக்கிறார்.

ஆகவே ஆசனம் பழகுங்கள். ஆசிரியரின் துணையோடு, மெதுவாக. மருந்தைக் குறைப்பதானால் மருத்துவர் குறைக்கட்டும். குடும்பத்தில் யாருக்கேனும் கண் நீர் அழுத்த நோய் இருந்தால், கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளும் வரை சிரசாசனம் வேண்டாம்.