இருபத்தோராவது விவரம்

துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு ஒரு சிபாரிசு. 2024 ஆகஸ்ட் 6-ம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி வெளியிட்ட விசாரணை அறிக்கை. ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதல்லவா? உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் ஊர் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

குற்றவாளி யாரென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுவாரஸ்யம் குறையாது. இந்தக் கம்பெனியின் பாதுகாப்பு சாஃப்ட்வேர், கர்னல் என்கிற கருவறைக்குள் டிரைவராக உட்கார்ந்திருக்கிறது. வெளிப் பிராகாரத்தில் ஒரு புரோகிராம் தடுக்கி விழுந்தால் அதற்கு மட்டும்தான் அடி. கருவறையில் விழுந்தால் கோயிலையே மூடவேண்டியதுதான்.

பிப்ரவரியில் தாக்குதல்களைக் கண்டுபிடிக்கப் புதுசாக ஒரு வகை விதி சேர்த்தார்கள். அதற்கு 21 விவரங்கள் வரும் என்று வரையறை. விவரம் தருகிற புரோகிராமோ 20-தான் தந்தது. ஐந்து மாசம் யாருக்கும் தெரியவில்லை. காரணம், அதுவரை போன விதிகளிலெல்லாம் 21-வது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்றிருந்தது. எதுவானாலும் சரி என்றால் யார் போய்ப் பார்ப்பார்கள்? சரிபார்க்கும் புரோகிராமும் 21 வரும் என்றே நம்பிக்கொண்டிருந்தது. ஜூலை 19-ல் வந்த விதி முதல்முறையாக 21-வதைப் பார்க்கச் சொல்ல, டிரைவர் பட்டியலைத் தாண்டி இல்லாத இடத்தில் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்.

இதுவரை அறிக்கை அபாரம். மூடி மறைக்காமல் தடயத்தை இழை இழையாகப் பிரிக்கிறார்கள். எனக்குக் குறையாகப் படுவது வரிசை. ஆறு கண்டுபிடிப்புகளில் கடைசியாக வருகிறது, 'விதிகளைப் படிப்படியாக அனுப்பவேண்டும்' என்பது. அதுதானே ஸார் முதலில் வரவேண்டும்? எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போவது மனுஷ சுபாவம். புரோகிராம் எழுதிய காலத்தில் நானே பலமுறை செய்திருக்கிறேன், என் மெஷினோடு போயிற்று. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்புவது கைத்தவறல்ல, யாரோ யோசித்து எடுத்த முடிவு.

நம் நேரப்படி காலை 9:39-க்கு அனுப்பியதை 10:57-க்கு வாபஸ் வாங்கிவிட்டார்கள். 78 நிமிஷம். ஆனால் எழுந்திருக்கவே முடியாமல் செத்துச் செத்துப் பிழைக்கும் மெஷின் வாபஸை எப்படி வாங்கிக்கொள்ளும்? பெரும்பாலானவற்றுக்கு ஆள் போய், சேஃப் மோடில் எழுப்பி, 291 என்ற எண் தாங்கிய ஃபைலை அழிக்கவேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டிவைத்த ஆபீஸ்களில் அதற்கு முன்னால் 48 இலக்கச் சாவியைத் தட்டவேண்டும், ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு வேறு.