முழு வீடியோவா, ரீல்ஸா? தென்னூரிலும் யாழ்ப்பாணத்திலும்

திருச்சியில் தென்னூர், தில்லைநகர்ப் பக்கம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த வீடுகளில் அடுத்த பேச்சு இதுதான்: வீடியோகிராபர் போதுமா, ரீல்ஸ் எடுக்க ஒரு கன்டென்ட் கிரியேட்டரும் வேண்டுமா? இருவருக்கும் கொடுக்கப் பணமிருந்தால் பிரச்சினையே இல்லை. ஒருவருக்குத்தான் முடியும் என்றால், கல்யாணத்துக்கு வரமுடியாதவர்கள் யார் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். நாமும் யாழ்ப்பாணத்தாரும் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

வீடியோகிராபர் மேடையருகிலேயே நின்று முகூர்த்தம் முழுவதையும் பதிவு செய்வார். எடிட்டிங் முடிந்து பென் டிரைவ் கைக்கு வர மாதக்கணக்காகும். கன்டென்ட் கிரியேட்டர் செல்போனை நெட்டாகப் பிடித்து அலங்கார அறை, பந்தி, வாசல் என்று சுற்றி எடுத்து அன்றிரவே அனுப்பிவிடுவார்.

பக்கத்து ஸ்ரீரங்கத்துக் கல்யாணத்தில் மாமன்மார் தோளில் ஏற்றி நடத்தும் மாலை மாற்றலுக்குச் செல்போன் போதும். ஊஞ்சலில் பாட்டிகள் பாடுவது அப்படியல்ல. கூட்டத்தின் இரைச்சலில் செல்போன் மைக் அந்தக் குரல்களைத் தவறவிடும். போதாததற்கு ரீல்ஸில் சினிமாப் பாட்டு ஏறி உட்கார்ந்துகொள்ளும். தனி மைக் வைத்துப் பதிவு செய்பவர் வீடியோகிராபர்தான். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற சொந்தம் ரயிலேறி வந்துவிடுகிற ஊரில் அன்றிரவே படம் பார்க்கும் அவசரம் யாருக்கு? தென்னூரில் என் முதல் தேர்வு வீடியோகிராபர். ரீல்ஸை அக்கா பிள்ளை எடுக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் கணக்கே வேறு. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு சிதறிய குடும்பங்களில் மணப்பெண்ணின் அண்ணன் லண்டனிலோ பாரிசிலோ இருப்பார். புகலிட வழக்கு முடியாதவரென்றால் தங்கையின் தாலிகட்டுக்குக்கூட ஊர் திரும்ப முடியாது. அவருக்கு அன்றைக்கே போய்ச்சேரும் படம் ஆடம்பரமாகாது. மாப்பிள்ளை வீட்டில் நடக்கும் பொன்னுருக்கலில் வழக்கமாக மணப்பெண் இருப்பதில்லை. தன் தாலிக்குப் பொன் உருகுவதை அவள் பார்ப்பதும் செல்போனில்தான். அதற்காக நீண்ட வீடியோவையும் அங்கே விட முடியாது. கனடாவுக்குத் துணையை ஸ்பொன்சர் செய்யும்போது உறவு உண்மையானது என்று காட்டக் கலியாணப் படங்களும் போகின்றன. கூறை கொடுப்பது, தாலி கட்டுவது, அறுகரிசி போட்டு வாழ்த்துவது, எழுத்து எனப்படும் கலியாணப் பதிவு எல்லாம் வரிசையாக, வந்தவர்களின் முகங்களோடு இருக்க வேண்டும். அங்கே ஒரே ஆளை அமர்த்துவதானால், அன்றிரவே சில துண்டுகளை அனுப்பச் சம்மதிக்கும் வீடியோக்காரரைப் பிடிப்பதே நல்லது.

படம் பரவும் வழியும் ஒன்றல்ல. இந்தியாவில் 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் தடையானது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே நுழைந்தது. இலங்கையில் டிக்டாக் இன்றும் ஓடுகிறது. அதில் ஏறிய துண்டு உறவுக்குள் நிற்காது, முன்பின் தெரியாதவர் கைக்கும் போகும்.

இந்தக் கவலை தென்னூருக்கும் பெரிது. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் நிக்காஹ்வில் பெண்கள் பகுதி தனியாக இருக்கும். அங்கே படமெடுக்கப் பெண்ணைத்தான் அனுப்பவேண்டும், எது வெளியே போகலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கவேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே வீடியோவின் முதல் உரிமையாளர். கையெழுத்துப் போடுகிற தாளில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தவணையைக் கொடுக்குமுன், வெட்டாத மூலப் பதிவு முழுவதையும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.